திரையிடப்பட்டதாகக் கொள்ளப்படும்

என் அண்ணன் மகள் ஸ்டெபனி நோர்வேயின் பேர்கன் நகரில் 1998ஆம் ஆண்டு பிறந்தாள். 1989ஆம் ஆண்டு திரைத்துறைக்குள் நுழைந்தாள். இந்த இரண்டு தகவல்களும் ரொறன்ரோவில் வெளியான அவளுடைய பாராட்டு மலரில் ஒரே பத்தியில் அச்சாகியிருக்கின்றன. எழுதியவர் என்று கீழே என் பெயர் இருக்கிறது: அல்பேட், வோபர்ன். ஆகவே இது எப்படி நடந்தது என்று சொல்லவேண்டிய பொறுப்பும் என்னுடையதுதான்.

நான் எழுத்தாளன் அல்ல. ஸ்காபரோவில் உள்ள ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் வெட்டும் மெசினுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். சினிமா பற்றி எனக்குத் தெரிந்தது, படம் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் நித்திரை வரும் என்பதுதான். ஸ்டெபனியோ எழுபத்துநான்கு நிமிடத்தில் ஒரு படம் எடுத்து, ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன ஊர் விழாவில் பரிசும் வாங்கிவிட்டாள். தொண்ணூறுகளில் நம்மவர்கள் நாட்டுக்கு நாடு தபாலில் அனுப்பிக்கொண்ட வீடியோ கசெற்றுகள்தான் அந்தப் படம். கலியாணம், ஞானஸ்நானம், வீடு குடிபுகுதல், விமான நிலையத்தில் அழுவது, எல்லாம் அதில் உண்டு. ஒரு தமிழ் இணையத்தளம் இந்தச் செய்தியைப் போட்டது. மறுநாளே மகேஸ்வரன் அண்ணையிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

மகேஸ்வரன் அண்ணை அகிலத் தமிழ்த் திரைக்கலை மேம்பாட்டு மன்றத்தின் செயலாளர். வருமான வரி நிரப்பிக் கொடுப்பது அவருடைய தொழில், மன்றத்தின் யாப்பை, அதாவது சட்டவிதிப் புத்தகத்தை, வாசிப்பது பொழுதுபோக்கு. மன்றத்தில் அறுபது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பதவி இல்லாதவர்கள் நான்கு பேர். அவர்களுக்காக ஒரு உபகுழு அமைக்கும் யோசனை இருந்தது. மன்றம் இன்றுவரை ஒரு படமும் எடுத்ததில்லை. எடுப்பவர்களைப் பாராட்டும், அவ்வளவுதான்.

ஸ்டெபனிக்கு யூலை மாதம் பாராட்டு விழா என்றார். சந்தோஷம் என்றேன். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மன்றத்திடம் இரண்டு விருதுகள்தான் உண்டு. ஐம்பத்தைந்து வயதுக்கு உட்பட்டோருக்கான இளங்கலைஞர் விருது இந்த வருடம் மன்றப் பொருளாளருக்கு என்று முடிவாகிவிட்டது. செப்டெம்பரில் அவருக்கு ஐம்பத்தாறு ஆகிறது, தள்ளிப்போட முடியாது. மிச்சம் இருப்பது வாழ்நாள் சாதனையாளர் விருது. அதற்கான கேடயங்கள் சென்னையில் மொத்தமாகச் செய்வித்து, எழுத்தும் பொறித்து, தலைவருடைய கராஜில் அடுக்கிக் கிடக்கின்றன. யாப்பின் பதினான்காம் பிரிவின்படி அதைப் பெறுபவர் முப்பத்தைந்து வருடம் இடையறாத கலைச்சேவை ஆற்றியிருக்க வேண்டும்.

பிள்ளைக்கு இருபத்தேழு வயதுதான் என்றேன்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "உம்மட அண்ணை எப்ப கலியாண வீட்டு வீடியோ எடுக்கத் தொடங்கினவர்?" என்று கேட்டார்.

என் அண்ணன் வாரநாட்களில் மீன் தொழிற்சாலை, சனி ஞாயிறில் வீடியோ என்று இருந்த மனிதர். எண்பத்தொன்பதில் தொடங்கினார் என்றேன்.

"அப்ப முப்பத்தாறு வருஷம். காணும். யாப்பில சேவை எண்டுதான் கிடக்கு. ஆருடைய சேவை எண்டு இல்லை" என்றார் மகேஸ்வரன் அண்ணை.

இப்படித்தான் என் அண்ணன் மகள் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்பே தொழிலைத் தொடங்கினாள். மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஒரு பக்கம் எழுதினேன். பிறந்தாள், படித்தாள், நான்கு வருடம் கஷ்டப்பட்டு ஒரு படம் எடுத்தாள். மலர்க்குழு அதைத் திருப்பி அனுப்பியது. குருவின் பெயர் இல்லை, பரதநாட்டிய அரங்கேற்றம் எப்போது என்று இல்லை, 'ஒரு படம்' என்பது கௌரவமாக இல்லை. திருத்தி வந்த பிரதியில் ஸ்டெபனி மூன்று வயதில் சுவரில் விழுந்த நிழலைப் பார்த்து "இது என்ன?" என்று தாயாரைக் கேட்டு அதிரவைத்திருந்தாள். எண்ணற்ற படங்களை இயக்கியிருந்தாள். நோர்வே அவளைத் திரும்பிப் பார்த்திருந்தது.

இதையெல்லாம் நான் ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு அந்த நேரத்தில் வேறு பயம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போகமுடியாது.

எனக்கும் அன்ரனெற்றுக்கும் 1995இல் ஸ்காபரோ தேவாலயம் ஒன்றில் கலியாணம் நடந்தது. அண்ணன் நோர்வேயிலிருந்து வந்து வீடியோ எடுத்தார். ஒரே ஒரு பிரதிதான். அடுத்த வருடம் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டி வந்தது. பக்கத்து அப்பார்ட்மெண்ட் கயானாக்காரர் வீட்டில் பெரிய டிஷ் இருந்தது. எனக்கு அன்று விடிய வேலை. பின்பாதி ஆட்டத்தைப் பதிவு செய்து தரச்சொல்லிக் கைக்கு அகப்பட்ட ஒரு கசெற்றைக் கொடுத்துவிட்டுப் போனேன். அது எங்கள் கலியாணம்.

அன்ரனெற் கசெற்றைத் தேடியபோது, கடைசியாகப் பார்க்க வாங்கிப்போனது அவளுடைய தங்கை ஜசிந்தா என்பது ஞாபகம் வந்தது. ஜசிந்தா திருப்பித் தந்துவிட்டேன் என்றாள். அவள் திருப்பித் தந்தது உண்மை. இல்லை என்றாள் அன்ரனெற். வார்த்தை தடித்தது. நான் ஒரு கிழமை கழித்துச் சொல்லலாம் என்று பேசாமல் இருந்தேன். பிறகு இருவருக்கும் கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். அதன்பிறகு சொல்வதற்கு வழியே தெரியவில்லை. ஜசிந்தா ரெக்ஸ்டேலில் இருக்கிறாள், காரில் அரை மணித்தியாலம். அக்காவும் தங்கையும் பேசி இருபத்தொன்பது வருடம்.

போன வருடம் பனிக்காலத்தில் ஸ்டெபனி கசெற் சேர்க்க வந்தாள். நான் அன்ரனெற் காணாமல் ஒளித்து வைத்திருந்த கிரிக்கெட் போட்டியைக் கொடுத்தேன். அதன் முதுகில் அண்ணனின் கையெழுத்தில் 'அல்பேட் – அன்ரனெற் திருமணம்' என்று இருப்பதை அவள் வாசித்துவிட்டாள். என்ன சித்தப்பா இது என்று கேட்டாள். கமராவில் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, எல்லாவற்றையும் சொன்னேன், கொஞ்சம் அழுதும்விட்டேன். பிறகு தொலைபேசியில், இதைப் படத்தில் வைக்கலாமா, சித்திக்குத் தெரியுமா என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். இரண்டுக்கும் ஓம் என்றேன். நோர்வேயில் எடுக்கும் படத்தை நோர்வேக்காரர்தான் பார்ப்பார்கள் என்பது என் கணக்கு.

இப்போது அந்தப் படம் ஸ்காபரோவில், என் மனைவி முன்வரிசையில் இருக்க, ஓடப்போகிறது. அன்ரனெற் புதுச் சேலையும் எடுத்தாயிற்று.

அப்போதுதான் நிகழ்ச்சி நிரல் வந்தது. மண்டபம் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை. நிகழ்ச்சிகள் முப்பத்தொன்று. படம் இருபத்தொன்பதாவது. முப்பதாவது என்னுடைய நன்றியுரை. அந்தத் தாளை நான் முத்தமிட்டிருப்பேன், மகேஸ்வரன் அண்ணை பக்கத்தில் நின்றார். அன்று முதல் ரொறன்ரோவில் பேச்சாளர்கள் நீட்டிப் பேசவேண்டும் என்று செபமாலை சொன்ன ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

ஸ்டெபனி விழாவுக்கு முதல்நாள் வந்து இறங்கினாள். மலரை வாசித்தாள்.

"சித்தப்பா, நான் பிறக்க முதலே வேலைக்குப் போயிட்டன்."

"ஓம் பிள்ளை. யாப்பு அப்படி."

அவள் சிரித்தாள். பிறகு படம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நிரலைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கசெற் தந்த எல்லாருக்கும், வேற ஆருக்கும் காட்ட முதல் உங்களுக்குத்தான் காட்டுவன் எண்டு சொல்லித்தான் வாங்கினனான். பரிசு குடுத்த இடத்திலயே அது பிழைச்சுப்போச்சு. இங்கயாவது காட்டோணும்."

காட்டலாம் பிள்ளை என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களின் பட்டியலில் இதுவும் சேர்ந்தது.

இரண்டு மணிக்கு 'மிகச் சரியாக' ஆரம்பமாகும் விழா மூன்று பத்துக்கு ஆரம்பமானது. முதலில் மங்கல விளக்கு. மண்டபத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லாதபடியால் பற்றரியில் எரியும் குத்துவிளக்கு. பதினொரு பிரமுகர்கள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டு, கொளுத்தாத மெழுகுதிரியைப் பல்பில் பிடித்தார்கள். பின்னால் ஒருவர் குனிந்திருந்து சுவிச்சை அமத்தினார். ஏழாவது பிரமுகர் தொடும் முன்பே பல்ப் எரிந்துவிட்டதால் அணைத்துவிட்டுத் திரும்பவும் கூப்பிட்டார்கள்.

பிறகு தலைவர் ஜெயரட்ணம் பேசினார். "இந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே எனக்கு இவ்வளவு பெருமை என்றால், பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்" என்றார். கைதட்டல் எழுந்தது. "ஒரு கலைஞரை நாம் பாராட்டாவிட்டால் அவர் செய்தது கலைதானா என்று அவருக்கே எப்படித் தெரியும்? ஆகவே கலையை உருவாக்குவது கலைஞர் அல்ல, மன்றம்." இன்னும் பலத்த கைதட்டல். நானும் மனதாரத் தட்டினேன், இருபத்திரண்டு நிமிடம் போயிருந்தது.

வாழ்த்துரைகள் தொடர்ந்தன. ஒருவர் படத்தின் பாடல்களைப் புகழ்ந்தார். அதில் பாடல் இல்லை. இன்னொருவர் கதாநாயகனின் நடிப்பைப் பார்த்துக் கண்கலங்கியதாகச் சொன்னார். கதாநாயகனும் இல்லை. பிரதம விருந்தினர் வீடு விற்பனை முகவர். ஸ்டெபனி நோர்வேயில் பிறந்தும் இவ்வளவு சாதித்தார், ரொறன்ரோவில் பிறந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார் என்றார். அதிலிருந்து பிக்கரிங்கில் வீட்டு விலை எங்கே போகிறது என்பதற்கு இலகுவாக வந்து சேர்ந்தார்.

ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம்தான். மீறினால் மணி அடிக்க நேரக்கட்டுப்பாட்டாளர் என்று ஒரு பதவியே உண்டு. நான் அந்த மணியைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். தேவையிருக்கவில்லை. அவர் எழுந்து, நேரத்தின் அருமை பற்றித் தானே பதினாறு நிமிடம் பேசினார். மணி மேசையில் கிடந்தது.

அடுத்தது பொன்னாடை. பதினேழு பேர் போர்த்தினார்கள். மண்டபத்தில் ஏசி வேலை செய்யவில்லை. படப்பிடிப்பாளருக்கு ஐந்தாவது ஆடை சரியாக விழவில்லையாம், கழற்றிவிட்டுத் திரும்பப் போர்த்தச் சொன்னார். கடைசியில் ஸ்டெபனியின் கண்ணும் நெற்றியும்தான் வெளியே தெரிந்தன. அந்தக் குவியலுக்குள் கையைத் தேடிப் பிடித்து வாழ்நாள் சாதனையாளர் கேடயத்தைக் கொடுத்தார்கள். வாழ்நாள் முழுக்க உழைத்த களைப்பு அந்த முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

ஐந்து முப்பத்தெட்டு. ஆறு மணிக்கு மண்டபம் ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்குப் போகிறது. அலங்காரம் செய்பவர்கள் ஏணியோடும் பலூன்களோடும் வாசலில் வந்து நின்றார்கள். மேடையில் மன்றத்து நிர்வாகிகள் தலையோடு தலை வைத்துக் கூடிப் பேசினார்கள். பிறகு மகேஸ்வரன் அண்ணை ஒலிவாங்கிக்கு வந்தார்.

நம்முடைய சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். போன கூட்டத்தின் அறிக்கையை வாசிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. வாசிக்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்று ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், காரியம் முடிந்துவிடும். மகேஸ்வரன் அண்ணை சொன்னார்: "நேரமின்மை காரணமாக, இத்திரைப்படம் இம்மண்டபத்தில் திரையிடப்பட்டதாகவும், பார்வையாளர்களால் பெரிதும் வரவேற்கப்பட்டதாகவும் கொள்ளப்படும் என முன்மொழிகிறேன்."

"வழிமொழிகிறேன்" என்றது பின்வரிசையில் ஒரு குரல். அவர் றெமிஜியஸ் மாஸ்டர். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து எல்லாவற்றையும் வழிமொழிபவர் அவர்தான், பாதி நித்திரையிலும் வழிமொழிவார். கைகள் உயர்ந்தன. படம் ஓடி முடிந்தது.

அடுத்தது நன்றியுரை. என்னிடம் எட்டுப் பக்கம் இருந்தது, நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். மெதுவாக வாசித்தால் ஆறு மணி தாராளமாகத் தாண்டும். நான் தப்பிவிட்டேன். இருபத்தொன்பது வருடத்தில் முதல்தடவையாகக் கால் நிலத்தில் படாமல் மேடைக்கு நடந்தேன்.

ஒலிவாங்கியின் முன் நின்று கீழே பார்த்தேன். கசெற் தந்த குடும்பங்கள் தனியாகத் தெரிந்தன. அவர்கள்தான் நாலு மணித்தியாலமாகப் பலகாரத் தட்டுக்குக்கூட எழும்பாமல், மேடையைத் தாண்டிப் பின்னால் திரை இருக்கவேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். திரை, தலைவருடைய படம் போட்ட பெரிய பதாகைக்குப் பின்னால் இருந்தது. மேடை ஓரத்தில் ஸ்டெபனி பொன்னாடைகளைக் களைந்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை, ஒருவரையும் குறை சொல்லவில்லை. மடித்து முடித்துவிட்டு மடிக்கணினியின் வயரைக் கழற்றப் போனாள். முதல் நாள் இரவு அந்த வயரை அவள் மூன்று தரம் சரிபார்த்தது எனக்குத் தெரியும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு சொல் தெரியவில்லை. இந்த மண்டபத்தில் அந்தப் பிள்ளையை ஏமாற்றியவர்களில் மன்றத்துக்காவது தாங்கள் செய்வது தெரியாது. எனக்குத் தெரியும்.

"நன்றியுரை ஆற்றப்பட்டதாகக் கொள்ளப்படும் எண்டு முன்மொழியிறன்" என்றேன். "படத்தைப் போடு பிள்ளை."

மகேஸ்வரன் அண்ணை யாப்பை எடுக்கக் குனிந்தார். அதற்குள் பின்வரிசையிலிருந்து, "வழிமொழிகிறேன்" என்று வந்துவிட்டது. வழிமொழிந்தால் வழிமொழிந்ததுதான். பலூன்காரர்கள் தங்கள் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, ஒரு நிமிடத்தில் பதாகையைக் கழற்றிச் சுருட்டினார்கள். அன்று அந்த மண்டபத்தில் நடந்த ஒரே வேலை அதுதான்.

பதினைந்து நிமிடம் படம் ஓடியது. ஒன்பதாவது நிமிடத்தில் நான் வந்தேன். என் முகம் மேடை அளவுக்குப் பெரிதாக இருந்தது. அதிலிருந்து ஜசிந்தாவின் பெயரும், கயானாக்காரரும், கிரிக்கெட்டும், கண்ணீரும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். அன்ரனெற் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய கழுத்து மட்டும் அசையாமல் நின்றது.

பிறகு கசெற் ஓடியது. போட்டியின் கடைசி ஓட்டம், கிண்ணம் கொடுப்பது. அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். முடியவில்லை. கோடு கோடாகப் புள்ளி விழுந்தது, திடீரென்று 1995 வந்தது. போட்டி முடிந்தபின் கசெற்றில் மிச்சமிருந்த கலியாணம். நான் ஒருநாளும் அவ்வளவு தூரம் ஓடவிட்டுப் பார்த்ததில்லை. ஜசிந்தா குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு அக்காவின் முக்காட்டைச் சரிசெய்கிறாள். ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள், ஊசி விழுகிறது. இருவரும் குனிந்து தேடுகிறார்கள். சிரிப்பில் இரண்டு பேருக்கும் எழும்ப முடியவில்லை. முக்காடு கழன்று ஜசிந்தாவின் தலையில் விழுகிறது. அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இராது.

மண்டபத்துக்காரர் வெளிச்சத்தைப் போட்டார். தலைவர் எழுந்து, மிச்சப் படம் அடுத்த வருடம் திரையிடப்படும் என்றோ, கொள்ளப்படும் என்றோ ஏதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை. கசெற் தந்த குடும்பங்கள் ஸ்டெபனியைச் சுற்றிக்கொண்டு, எங்கட கசெற் எத்தினையாவது நிமிஷத்தில வருது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை வோபர்ன் நூலகத்தில் ஒரு அறை எடுத்து முழுதாகக் காட்டுவதாக அவள் சொன்னாள். பேச்சாளர் எவரும் இல்லை என்றும் சொன்னாள்.

அன்ரனெற் காரில் முன்னிருக்கையில் போய் இருந்தாள். ஸ்டெபனி பின்னால் ஏறி, கேடயத்தை முன்னால் நீட்டி, "சித்தி, இது உங்களுக்குத்தான் தரோணும். முப்பது வருஷம்" என்றாள்.

அன்ரனெற் அதை வாங்கி மடியில் வைத்து எழுத்தை வாசித்தாள்.

"யாப்புப்படி இன்னும் அஞ்சு வருஷம் கிடக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "ரெக்ஸ்டேலுக்கு விடுங்கோ" என்றாள்.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் அந்த நேரத்துக்கு வாகனங்கள் ஊர்ந்தன. அரை மணித்தியாலப் பயணம் ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. ஜசிந்தாவின் வீட்டு வாசலில் அன்ரனெற் மணியை அழுத்திவிட்டு என்னை முன்னால் தள்ளினாள். கதவு திறந்தது. ஜசிந்தாவுக்கு நரைத்திருந்தது. எங்களைப் பார்த்துக் கதவுப் பிடியை விடாமல் நின்றாள்.

மூன்று வாரமாகப் பாடமாக்கியிருந்த நன்றியுரைதான் வாயில் வந்தது. "பெருமதிப்பிற்குரிய..." என்று தொடங்கினேன்.

பின்னால் அன்ரனெற் தன் மோதிரத்தால் கேடயத்தில் 'டிங்' என்று ஒரு தட்டுத் தட்டினாள். "மூண்டு நிமிஷம்" என்றாள்.

நான் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். ஜசிந்தா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்கள் உள்ள வாங்கோ" என்றாள். அக்கா உள்ளே போனதும் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

நானும் ஸ்டெபனியும் படியில் இருந்தோம். யூலை மாதம் என்றபடியால் ஏழரை தாண்டியும் நன்றாக வெயில் அடித்தது. உள்ளே முதலில் அழுகை கேட்டது, பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், கடைசியில் ஊசி தேடிய அதே சிரிப்பு. பிளேன்டீ மணமும் வந்தது. ஒருவரும் எங்களைக் கூப்பிடவில்லை.

"கூப்பிட்டதாகக் கொள்ளப்படும்" என்றேன்.

"வழிமொழியிறன்" என்றாள் ஸ்டெபனி. நான் எழுந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.